பெல்லட் ஸ்டவ் வென்ட்ல இருந்து ராத்திரில தீப்பொறி பறக்குது, இது நார்மலா?

நாஷுவா_குளிர்:

வணக்கம் மக்களே. நியூ ஹாம்ப்ஷயர்ல இருக்கோம். போன கோடையில வீடு வாங்கினப்ப கீழ ஃபேமிலி ரூம்ல ஒரு பெல்லட் ஸ்டவ்வும் (மரத்தூள அழுத்தி செஞ்ச சின்ன குச்சிய எரிக்கற அடுப்பு) வீட்டோட வந்துச்சு, ஹீட்டிங் ஆயில் விலைய பாத்துட்டு இந்த குளிருக்கு இதையே ஓட்டிடலாம்னு ஒரு டன் பெல்லட் வாங்கி, அதாவது 40 பவுண்டு மூட்டை 50, கராஜ்ல அடுக்கியாச்சு. சூடு பிரமாதமா இருக்கு, அதுல குறை ஒண்ணும் இல்ல.

நேத்து ராத்திரி குப்பை டப்பாவ ரோட்டோரம் தள்ளிட்டு வரப்ப பாத்தா வென்ட் வாயிலருந்து, அதாவது புகை வெளிய போற பைப் வாயிலருந்து, செவப்பா பொறி பொறியா வெளிய வருது. சிலது காத்துலயே அணைஞ்சிடுது, சிலது கீழ வரைக்கும் வந்து விழுது. பைப் சுவத்துல இருந்து நேரா வெளிய ஒரு அடி நீட்டிட்டு இருக்கு, அவ்ளோதான், மேல ஏறல. சுவரு வினைல் சைடிங் (பிளாஸ்டிக் பலகை), கீழ மல்ச் (மரச்சீவல்) போட்ட பாத்தி, பக்கத்துலயே ஒரு புதர்ச்செடி. பொறி எப்பவும் வரல, பத்த வைக்கும்போதும் ஹைல வைக்கும்போதும்தான் ஜாஸ்தி. உள்ள கண்ணாடி ஒரே நாள்ல கருப்பா ஆயிடுது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டான்னு தெரியல.

வென்ட் வாயில ஒரு கம்பி வலை போட்டு கட்டிட்டா போதுமா? இல்ல ஆள கூப்பிடணுமா? வீட்டம்மா அதுவரைக்கும் பத்த வைக்கவே கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டாங்க.

ஸ்னோஷவல்:

வீட்டம்மா சொல்றதுதான் கரெக்ட் ப்ரோ, கொஞ்சம் நிறுத்தி வைங்க. ரொம்ப பயப்படவும் வேண்டாம். பத்த வைக்கும்போது நாலஞ்சு பொறி வெளிய வந்து ரெண்டடிக்குள்ள அணைஞ்சு போறது இந்த ஸ்டவ்ல சகஜம். தரைக்கு வரப்பவும் செவப்பா இருக்குன்னா அது சகஜம் இல்ல.

விறகு அடுப்புல சூடான புகை தானா மேல ஏறும். பெல்லட் ஸ்டவ்ல ஒரு ஃபேன் புகைய புடிச்சு வெளிய தள்ளுது. அந்த ஃபேன் புகையோட சேத்து லேசான எதையும் தள்ளிட்டு போயிடும், சாம்பல், பாதி வெந்த பெல்லட் துணுக்கு, மரத்தூள், எல்லாம். உங்க பைப் நேரா ஒரு அடியில வெளிய போகுதுன்னா கங்கு அணையறதுக்கு வழியில நேரமே கிடைக்கல.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, தீ எப்படி எரியுது? சோம்பலா ஆரஞ்சு கலர்ல மேல மேல ஆடிகிட்டு நுனி கருப்பா இருக்கா, இல்ல வெள்ளையா குட்டையா சீறிகிட்டு பெல்லட் எல்லாம் குதிக்குதா? ரெண்டு, கடைசியா எப்ப முழுசா க்ளீன் பண்ணாங்க? சாம்பல் தட்டுல அள்ளி கொட்டறத கேக்கல, உள்ள தடுப்பு தகட கழட்டி பின்னாடி பண்றத கேக்கறேன்.

கறிவேப்பிலைக்கன்று:

நாங்க மாசசூசெட்ஸ், எங்க வீட்டுலயும் இதே மாதிரி இருந்துச்சு அண்ணா. ஹோம் டிப்போல கால் இஞ்ச் ஹார்ட்வேர் க்ளாத், அதான் கம்பி வலை, வாங்கி ஸ்டீல் க்ளாம்ப் போட்டு வாயில கட்டினோம், பொறி நின்னு போச்சு. பத்து டாலர் கூட ஆகல.

ஸ்னோஷவல்:

நின்னது பொறி மட்டும்தானான்னு பாருங்கம்மா. அந்த வலையில சாம்பல் பிசுக்கு மாதிரி ஒட்டும், பனி நாள்ல ஈரத்தோட சேந்து கல்லு மாதிரி ஆயிடும். வாய் அடைச்சா ஃபேனால தள்ள முடியாது, ஸ்டவ்வுக்கு காத்து பத்தாது, தீ சோம்பலாகும், பெல்லட் வேகாம பர்ன் பாட்ல (பெல்லட் எரியற கிண்ணம்) குமியும். வேகாத பெல்லட் குமிஞ்சா பொறி இன்னும் ஜாஸ்தி. அதுக்கு முன்னாடியே வேக்யூம் ஸ்விட்ச் (காத்து இழுப்பு குறைஞ்சா ஸ்டவ்வ நிறுத்தற ஸ்விட்ச்) கட் பண்ணி ஸ்டவ் நின்னா அது உங்க அதிர்ஷ்டம், பைப் ஜாயிண்ட் எங்கயாவது லீக் இருந்தா புகை ரூமுக்குள்ள வரும்.

சில கம்பெனி வலை வெச்ச வென்ட் மூடிய அவங்களே விக்கறாங்க, உங்க மாடல் மேனுவல்ல அது இருந்தா தாராளமா போடுங்க, ஆனா வாரத்துக்கு ஒருக்கா பாக்கணும். மேனுவல்ல இல்லாத வலைய நாமளே கட்டறதுல எனக்கு உடன்பாடு இல்ல.

வன்னியான்:

தம்பி, நான் கனடாவில, பீற்றர்பரோவுக்குப் பக்கத்தில கிராமப்பக்கம் இருக்கிறன், கன காலமா பெல்லற் அடுப்புத்தான். மேல சொன்ன தம்பி சரியாத்தான் சொல்லுறார். கண்ணாடி ஒரு நாளில கறுக்குதெண்டால் அடுப்புக்கு மூச்சு விட ஏலாமல் கிடக்கு எண்டு அர்த்தம். காத்துக் காணாது. அப்ப பெல்லற் முழுசா எரியாமல் எரியிற பொட்டுக்க (பர்ன் பாட்) குவிஞ்சு கிடக்கும், நீங்கள் ஹையில போட்டவுடன ஃபான் வேகமாகும், குவிஞ்சு கிடக்கிற தணல் எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு போகும். அதுதான் உங்களுக்கு ஹையில பொறி கூட.

முதல் ஒரு நாள் முழுக்க அடுப்பை ஆற விடுங்கோ. பிறகு பிளக்கைக் கழட்டிப்போட்டு எரியிற பொட்டைத் தூக்கிப் பாருங்கோ, அடியில இருக்கிற ஓட்டையள் எல்லாம் கறள் மாதிரிக் கட்டியா அடைபட்டிருக்கும், ஸ்குறூ டிரைவரால ஒவ்வொண்டாக் குத்தி எடுக்கோணும். அடுத்தது பின்பக்கத் தகடு. அதைக் கழட்டினால் ரெண்டு பக்கமும் சாம்பல் தேங்கிற கிடங்கு மாதிரி இருக்கும், கனபேருக்கு அப்பிடி ஒண்டு இருக்கிறதே தெரியாது, வீடு வித்தவைக்கும் தெரிஞ்சிருக்காது. பிறகு ஃபானைக் கழட்டி இறக்கையளைத் தூரிகையால துடைக்கோணும், கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கிற பட்டி) புதுசா ஒண்டு வாங்கி வையுங்கோ, பழசு கிழிஞ்சு போகும். கடைசியா பைப், அந்த ரீ எண்டுற T வடிவத் துண்டுக்குக் கீழ மூடி இருக்கும், கழட்ட முதல் வாளி ஒண்டைப் பிடியுங்கோ.

சாதாரண வக்யூமால சாம்பலை இழுக்காதையுங்கோ. சாம்பலுக்குள்ள தணல் நாள் கணக்கா உயிரோட இருக்கும், வக்யூமுக்குள்ள போய்ப் பத்தும். அதுக்கெண்டு சாம்பல் வக்யூம் இருக்கு. அள்ளின சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில போட்டு வெளியில மண்ணில வையுங்கோ, மர டெக்கில வைக்காதையுங்கோ, கராஜிலயும் வேண்டாம்.

திண்ணைவாசி:

லீஃப் ப்ளோவர் வித்தைய யாரும் சொல்லலையே. ஸ்டவ் நல்லா ஆறினப்புறம் ப்ளோவரோட உறிஞ்சற பக்கத்த வென்ட் வாயில வெச்சு டேப் சுத்தி ஓட்டினா உள்ள ஒளிஞ்சிருக்கற சாம்பல் மொத்தமும் வெளிய வரும், வர புகைமூட்டத்த பாத்தா பக்கத்து வீட்டுக்காரன் 911 அடிச்சிடுவான், முன்னாடியே சொல்லி வைங்க, அவன் காரையும் தள்ளி நிறுத்த சொல்லுங்க. மாஸ்க் கட்டாயம். உள்ள ஒருத்தர் பிரஷ்ஷால தட்டி விட்டுகிட்டே இருந்தா இன்னும் நல்லா வரும். ஆனா கை படற இடத்த கையால செஞ்சிட்டு கடைசில இத பண்ணுங்க, இது மட்டுமே போதும்னு விட்டா கட்டி தட்டினது அப்படியே இருக்கும்.

இன்னொண்ணு, மூட்டை அடியில இருக்கற தூள். பிரீமியம்னு போட்ட மூட்டையில தூள் அரை சதவீதத்துக்கு மேல இருக்க கூடாது, சாம்பல் ஒரு சதவீதத்துக்குள்ள, அது அமெரிக்க பெல்லட் தர அளவு. ஃபேக்டரில சரியாத்தான் இருக்கும், அப்புறம் ஃபோர்க்லிஃப்ட், லாரி, நம்ம கராஜ்னு தூக்கி போட்டு தூக்கி போட்டு உடைஞ்சிடுது. அடித்தூள ஹாப்பர்ல (பெல்லட் கொட்டற தொட்டி) கவுத்தினா அது பாட்ல விழுந்ததும் பறக்கும், பறக்கறப்பவே எரியும், உங்க பொறி பாதி அதுதான். சல்லடைல சலிச்சு போடுங்க, ஹாப்பர் மூலைய மாசம் ஒருக்கா காலி பண்ணி துடைங்க.

நாஷுவா_குளிர்:

எல்லாருக்கும் நன்றி. @ஸ்னோஷவல் தீ ஆரஞ்சு, சோம்பல்தான், நுனி கருப்பு. @வன்னியான் அண்ணா நீங்க சொன்ன தகட கழட்டினேன், ரெண்டு பக்கமும் சாம்பல் மூட்டை கட்டற அளவுக்கு இருந்துச்சு, பைப்போட T துண்டு மூடிய திறந்தா அதுல முக்கால்வாசி அடைப்பு. பர்ன் பாட் ஓட்டை பாதி தெரியவே இல்ல. கதவு கேஸ்கெட்ல ஒரு டாலர் நோட்ட வெச்சு மூடி இழுத்தேன், கீல் பக்கம் சும்மா உருவிகிட்டு வருது, அதுக்கு புது கேஸ்கெட் கயிறு ஆர்டர் பண்ணியிருக்கேன்.

ஒரு சந்தேகம். டாம்பர் ராட், அதாவது காத்து அளவ கூட்டி குறைக்கற கம்பி, இருக்கே, அத முழுசா வெளிய இழுத்து விட்டா காத்து ஜாஸ்தி ஆகும், பொறி குறையுமா?

ஸ்னோஷவல்:

இழுத்துடாதீங்க ப்ரோ. அழுக்கு ஸ்டவ்வுக்கு காத்து பத்தலன்னு தோணும், டாம்பர திறப்பீங்க, அப்புறம் க்ளீன் பண்ணதும் அதே டாம்பர் ரொம்ப ஜாஸ்தி ஆயிடும். அப்ப வெள்ளை தீ சீறும், பெல்லட் முழுசா எரியறதுக்குள்ள பாட்ட விட்டு குதிக்கும், பொறி திரும்ப வரும், இந்த தடவ வேற காரணத்துக்கு. கதவு கயிறு மாத்திட்டு மேனுவல்ல சொன்ன இடத்துல டாம்பர வெச்சு மீடியம்ல அரை மணி ஓட்டுங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி ஒவ்வொரு தடவையும் பத்து பதினஞ்சு நிமிஷம் பாருங்க. மஞ்சளா, துடியா, நுனியில புகை இல்லாம இருந்தா நிறுத்திடுங்க. பாட்ல சாம்பல் மெல்ல துள்ளலாம், பெல்லட் துள்ள கூடாது.

வன்னியான்:

இன்னொண்டு தம்பி. உள்ளுக்க எவ்வளவு துப்புரவாக்கினாலும் வெளியில மல்ச் கிடந்தால் கவலை தீராது. அது காஞ்ச மரச்சீவல்தானே, தணல் விழுந்தால் சுவாலை வராமல் உள்ளுக்குள்ளயே கனிஞ்சு கனிஞ்சு போகும், விடியக் காலமைதான் தெரியும். வென்ற்றுக்குக் கீழ இருக்கிறதை அள்ளிப்போட்டு கூழாங்கல்லு கொட்டுங்கோ, செடியைக் கிளப்பி வேற இடத்தில நடுங்கோ. ஜன்னல் கிட்ட இருந்தால் தூரத்தையும் அளந்து பாருங்கோ, கனக்க மேனுவலில திறக்கிற ஜன்னலுக்குப் பக்கவாட்டிலயும் கீழயும் 4 அடி, மேல எண்டால் 1 அடி எண்டு இருக்கும், உங்கட மொடலுக்கு என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு.

காசு இருந்தால் பைப்பைச் சுவருக்கு வெளியில ஒரு ரீ போட்டு மேல மூண்டு அஞ்சு அடி எழுப்பி விடுங்கோ. தணல் ஏறேக்க அணைஞ்சிடும், பாரமானது ரீக்குள்ள விழுந்திடும். கரண்ட் போய் ஃபான் நிண்டாலும் புகை தானா மேல இழுபடும், இப்ப உங்கட நேர்ப் பைப்பில புகை வீட்டுக்குள்ளதான் திரும்பும். பெல்லற்றுக்கெண்டு விக்கிற ரெட்டைச் சுவர்ப் பைப்தான் போடோணும், டிரையர் பைப்பும் வேண்டாம், காஸ் அடுப்புப் பைப்பும் வேண்டாம். இங்க கனடாவில இன்சூரன்ஸ்காரர் வெற் (WETT) எண்டுற விறகு அடுப்பு இன்ஸ்பெக்சன் கேப்பினம், உங்கட பக்கம் என்.எஃப்.ஐ (நேஷனல் ஃபயர்பிளேஸ் இன்ஸ்ரிரியூட்) சான்று உள்ள ஆள் வருவார், பைப் வேலைக்கு அவரைக் கூப்பிடுங்கோ. வீட்டில காபன் மொனொக்சைட் அலாரம் இருக்குத்தானே?

நாஷுவா_குளிர்:

அலாரம் மாடியில ஒண்ணு, கீழ இல்ல, இன்னைக்கே வாங்கிடறேன். ஒரு கேள்வி விட்டு போச்சு, ஒருவேளை பைப்புக்குள்ளயே தீ புடிச்சா என்ன பண்ணணும்? பிளக்க புடுங்கிடணுமா?

ஸ்னோஷவல்:

வேண்டாம். பிளக்க புடுங்கினா ஃபேன் நின்னு புகை ரூமுக்குள்ள வரும். ஸ்டவ்ல இருக்கற ஆஃப் பட்டன அமுக்குங்க, கதவ திறக்காதீங்க, எல்லாரையும் கூட்டிகிட்டு வெளிய போய் 911. பொறி நிக்காம சரம் சரமா வரது, பைப்ல உறுமல் சத்தம், சுவர் தொட்டா சுடறது, இதெல்லாம் தெரிஞ்சா யோசிக்கவே வேண்டாம்.

நாஷுவா_குளிர்:

கயிறு வந்து மாத்தி ஓட்டி பாத்தாச்சு. கண்ணாடி லேசா சாம்பல் கலர்தான் ஆகுது, கருப்பு இல்ல. பத்த வைக்கறப்ப ரெண்டு மூணு பொறி வருது, வாய தாண்டினதும் அணைஞ்சிடுது, ஹைல வெச்சா ஒண்ணும் வரல. மல்ச்ச அள்ளியாச்சு, செடி இப்ப பனியில தோண்ட வராது, அதனால மேல பைப் போடற வரைக்கும் அத வெட்டி விட்டுட்டேன். டெக்னீஷியன் அடுத்த வாரம் வராரு, கோட்டேஷன் வந்ததும் இங்கயே போடறேன், விலை நியாயமான்னு சொல்லுங்க.