பி53 ஆன்டிபாடி கொஞ்சம் கிடைக்குமா? கோவை, ஈரோடு, சேலம் பக்கம் யாராவது உதவுங்கள்

வணக்கமுங்க. கோவையில் ஒரு ஆய்வகத்தில் பிஎச்டி செய்கிறேன். எம்சிஎஃப்-7 மார்பகப் புற்றுநோய் செல்களில், கட்டி வளராமல் தடுக்கும் பி53 புரதத்தை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) பார்க்க வேண்டும். மூன்று வாரமாக 53 கிலோடால்டன் பக்கம் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. அதே மெம்பிரேனில் ஒப்பிடுவதற்காகப் பார்க்கும் பீட்டா ஆக்டின் புரதம் 42-ல் பளிச்சென்று, எல்லா லேனிலும் ஒரே அளவாக வருகிறது. அதனால் மெம்பிரேனுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபரில் பிழை இருக்காது என்று நினைக்கிறேன்.

இந்தச் செல்களில் பி53 இயல்பாகவே குறைவு, எம்டிஎம்2 என்ற புரதம் அதை உடனுக்குடன் சிதைத்துவிடும். அதற்காகவே பி53-ஐக் கூட்டும் டாக்சோரூபிசின் மருந்து கொடுத்த செல்களையும் ஓட்டினேன். அதிலும் ஒன்றுமில்லை.

சந்தேகமெல்லாம் ஆன்டிபாடி மேல்தான். பி53-ஐப் பிடிக்கும் டிஓ-1 குளோன் (ஆன்டிபாடி வகை) அது. சிறு குழாய்களில் பிரித்து வைக்காமல், ஒரே குழாயைப் பலமுறை உறைய வைத்து உருக்கிவிட்டோம். இப்போது அடியில் வெள்ளையாகத் துகள் படிந்திருக்கிறது. பார்க்கவே மனசு கனக்கிறது.

நன்றாக வேலை செய்யும் டிஓ-1 யாரிடமாவது இருந்தால் 10 மைக்ரோலிட்டர் தாருங்கள். எம்டிஏ-எம்பி-231 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களின் லைசேட் (செல்களை உடைத்து எடுத்த கரைசல்) கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் மாறிய பி53 நிறையத் தேங்கியிருக்கும், கோளாறு எங்கே என்று ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். ஹீலா செல்களின் லைசேட் வேண்டாமுங்க, அதில் எச்பிவி வைரஸின் இ6 புரதம் பி53-ஐ அழித்துவிடும்.

தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக்கொண்டு நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன். அடுத்த மாதம் ஆய்வுக்குழு முன் இதைக் காட்டியாக வேண்டும். இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்க.