ஈரப்பதம் 17ஐத் தாண்டுச்சா இல்லையா? நெல் கொள்முதல் நிலையத்துல பட்ட அனுபவம்

மன்னார்குடி பக்கம்:
எங்க சித்தப்பா குவியலுக்கு நடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா எடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சதுதான், ஆனா அவ்ளோ பெரிய குவியல்ல மேலாப்புல ஒரு கை நெல்லை அள்ளி மெஷின்ல போட்டு 18.4ன்னு காட்டிட்டு காயவெச்சு கொண்டாங்கன்னுட்டாங்க. நான் எம்எஸ்சி ஸ்டாட்ஸ், சும்மா இருப்பேனா, தெரிஞ்ச வியாபாரிகிட்ட மெஷின் வாங்கி மேல, நடு, அடி, ஓரம்னு 10 எடத்துல கையை விட்டு எடுத்து அளந்தேன். சராசரி 17.6, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (அளவுங்க சராசரியிலேர்ந்து எவ்ளோ செதறிக் கெடக்குன்னு காட்டற நம்பர்) 1.0. பத்தே சாம்பிள்ங்கறதால, நெறைய சாம்பிள் இருந்தா போடற 1.96 போடாம, கம்மி சாம்பிளுக்கான டி டேபிள்ல 2.262 எடுத்தா 95 சதவீத இன்டர்வல் (மொத்தக் குவியலோட நெஜ சராசரி இதுக்குள்ள இருக்கலாம்னு சொல்ற எல்லை) 16.9லேர்ந்து 18.3. 17 உள்ளேயே கெடக்கு! அப்பறம் எப்படி திருப்பி அனுப்பலாம்?

திருவாரூர், காலேஜ்ல பாடம் எடுக்கறேன்:
தம்பி, கணக்கு சரி, கேள்விதான் வேற. அவங்களுக்கு 17க்கு மேலயாங்கறது மட்டுந்தான் கவலை, கொறைஞ்சா யாரு கேக்கப்போறா. அப்போ ஒன் டெயில், அதாவது ஒரு பக்கம் மட்டும் பாக்கற சோதனை; நீங்க போட்டது ரெண்டு பக்கமும் பாக்கறது. உங்க டி (சராசரி 17லேர்ந்து தள்ளி இருக்கறதை ஸ்டாண்டர்ட் எரரால, அதாவது சராசரி சாம்பிளுக்கு சாம்பிள் எவ்ளோ ஆடும்ங்கற அளவால, வகுத்தது) 1.90, டேபிள்ல 1.833, அதைத் தாண்டறதால ‘சராசரி 17க்கு மேல இல்ல’ங்கற அனுமானம் அஞ்சு சதவீத லெவல்ல ரிஜெக்ட் ஆயிடுது. ஒரே டேட்டா, ரெண்டு பதில். அதனாலதான் எந்தப் பக்கம்னு அளக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும்பாங்க, நம்பரைப் பாத்துட்டு வசதியான பக்கம் சாயக்கூடாது. அப்பறம் 17 உள்ள இருக்குங்கறதால சராசரி 17தான்னு ஆயிடாது, 18ம் அதே இன்டர்வல்லதானே இருக்கு! எங்க பசங்களும் வருசா வருசம் இதைத்தான் எழுதி மார்க் விடுறானுங்க. (அந்த டி டேபிளே டப்ளின் கின்னஸ் பீர் கம்பெனில பார்லி பாத்துக்கிட்டிருந்த வில்லியம் காசெட்ங்கறவர் 1908ல ‘ஸ்டூடண்ட்’ங்கற பேர்ல எழுதுன பேப்பர்லேர்ந்து வந்தது. அவருக்கும் சாம்பிள் கம்மிங்கறதுதான் பிரச்சனை.)

பாபநாசம், விவசாயி:
டெயிலு கியிலுலாம் எனக்குத் தெரியாது சார். காலைல பனி எறங்குன நெல்லும் ரெண்டு மணிக்கு வெயில் பட்ட நெல்லும் ஒண்ணா? படுதா போட்டு மூடுனா அடியில வேர்த்துப்போயி அது ஒரு ஈரம். தம்பி எத்தன மணிக்கு அளந்தாப்ல?

மன்னார்குடி பக்கம்:
மதியம் சார். அவங்க பாத்தது காலைல ஏழரைக்கு.

திருவாரூர்:
அப்போ ரெண்டும் வேற வேற நெல்லுன்னே வெச்சுக்கங்க. பத்துக்குப் பதிலா 40 சாம்பிள் எடுத்தா ஸ்டாண்டர்ட் எரர் பாதியாகும், ஆனா நேரமும் மெஷினும் மாறுனா எத்தன எடுத்தும் பிரயோஜனம் இல்ல. ஒரே கை நெல்லை ரெண்டு மெஷின்லயும் போட்டுப் பாத்தீங்களா?