புதுப்பிப்பு: குன்னூர் ஜாகுவாரின் எஞ்சினும் கியர்பாக்ஸும்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: குன்னூரில் ஒரு பெரியவரின் ஷெட்டில் நிற்கும் ஜாகுவார் மார்க் 2, 3.8 லிட்டர் என்ற பழைய பிரிட்டிஷ் காருக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் கம்பெனியில் பூட்டியவைதானா என்று. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டேன்.

எஞ்சின் ஒரிஜினல்தான். பானெட்டுக்குள் இருக்கும் தகட்டில் சேஸிஸ், எஞ்சின், பாடி, கியர்பாக்ஸ் நான்கு நம்பரும் உண்டு. எஞ்சின் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலே பல வருட எண்ணெய்ப் பிசுக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததும் அதே நம்பர், கடைசியில் 8. அது 8:1 கம்ப்ரஷனுக்கான குறி, அதாவது சிலிண்டருக்குள் வரும் கலவை எட்டில் ஒரு பங்காக அழுத்தப்படும். சிலிண்டர் ஹெட்டின் முன்பக்கத்திலும் அதே எண். நம்பரை மாற்ற அரத்தால் ராவிய தடம் எங்கும் இல்லை. பார்த்ததும் கை நடுங்கிவிட்டது.

கியர்பாக்ஸ்தான் வேறு. உறையின் இடது பின் மூலையில் உள்ள எண், தகட்டில் இருக்கும் எண்ணோடு சேரவில்லை. குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் ஏற்றத்தில் கியர் பல் உடைந்து, அப்புறம் இன்னொரு மார்க் 2-வில் இருந்து எடுத்து மாட்டியதாகப் பெரியவரே சொன்னார். ஆர்.சி. புத்தகத்தில் கியர்பாக்ஸ் நம்பர் வராது. அதை மட்டும் நம்பி வாங்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது.

விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய கியர்பாக்ஸ் ஷெட்டிலேயே கிடக்கலாம் என்கிறார். அடுத்த வாரம் தேடப் போகிறேன்.