கொடியில் ‘போல்’ இருக்கிறதே, அப்புறம் என்ன அணி?

பழைய வாத்தியார்: “போல் வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம். பத்தாம் வகுப்பு அணி இலக்கணமே அவ்வளவுதான்” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குப் பாராட்டு வேறு! வயிறு எரிகிறது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் கொடி ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்று சிலப்பதிகாரத்தில் வருகிறதே, அதிலும்தான் போல் இருக்கிறது. உவமையா அது? காற்றில் தானாக ஆடுகிற கொடி. ‘வராதீர்கள்’ என்று அது தடுப்பதாக இளங்கோ தன் குறிப்பை ஏற்றுகிறார். தற்குறி பேற்ற அணி!

குறுக்குவழி: அந்த ‘ஒருவர்’ நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். நன்னூல் சொல்லும் 12 உவம உருபுகளில், அதாவது ஒப்புமை காட்டும் சொற்களில், முதலாவதே ‘போல’. வரியில் போல் இருக்கிறதா, இல்லையா? அப்புறம், யாரைத் தற்குறி என்கிறீர்கள்?

பழைய வாத்தியார்: தம்பி, தன் + குறிப்பு + ஏற்றம். தட்டச்சில் ஒற்று விழுந்துவிட்டது.

குறுக்குவழி: ஒற்று மட்டுமா விழுந்தது?

பழைய வாத்தியார்: நன்னூலைப் புரட்டிய கை அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தையும் புரட்டியிருக்கலாம். சரி, கொடிக்கு உவமானம், அதாவது ஒப்பாகக் காட்டும் பொருள், எது? எடுத்து வையும்.

குறுக்குவழி: கை காட்டுகிற ஆள். போல் இருக்கிறதே!

பத்தாவது அம்மா: என் பையன் இந்த வரிக்கு உவமை என்று எழுதி மதிப்பெண் போயிற்று. “போல் இருக்கேம்மா” என்று ஒரே அழுகை. அவனுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

பழைய வாத்தியார்: சொல்கிறேன் அம்மா. ‘அகர முதல எழுத்தெல்லாம்’ குறளில் போல் கிடையாது. அதனால் அது உருவகம் ஆகிவிடுமா? உருபு மறைந்து வரும் எடுத்துக்காட்டு உவமை அது. ‘மலரடி’யில் போல் ஒளிந்திருக்கிறது, உவமைத்தொகை. அதையே ‘அடிமலர்’ என்று திருப்பிப் போட்டால் உருவகம். உருபை எண்ணுகிறவனுக்கு இதில் ஒன்றுகூடப் பிடிபடாது. 30 வருடம் சாக்பீஸ் தூசி தின்றவன் சொல்கிறேன்.

குறுக்குவழி: கொடியைக் கேட்டால் மலருக்கு ஓடுகிறார். போல் இருக்கிறதா, இல்லையா?

வெண்பாப்பித்தன்: வாத்தியார் எப்போதும் அப்படித்தான். போன மாதம் என் வெண்பாவில் தளை தட்டுகிறது, சீரும் சீரும் ஓசையில் பொருந்தவில்லை என்றார். எங்கே என்று கேட்டேன், ஆளையே காணோம்.

பழைய வாத்தியார்: மூன்றாம் அடி, இரண்டாம் சீர். இன்னமும் தட்டுகிறது.

வெண்பாப்பித்தன்: தட்டவில்லை!

பத்தாவது அம்மா: ஐயா, அந்தக் கொடி?

பழைய வாத்தியார்: இருங்கள் அம்மா, முதலில் இவருக்குச் சீர் பிரித்து அலகிட்டுக் காட்டிவிட்டு வருகிறேன்.

குறுக்குவழி: அம்மா, உவமை என்றே எழுதச் சொல்லுங்கள். போல் இருக்கிறது.