போர்வையில் தைத்த சேதி: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஊசிமுனை, ஒஹையோ

பிப்ரவரி வந்தால் இங்கே பள்ளிகளில் கறுப்பின வரலாற்று மாதம். மகள் வகுப்பில் ஆளுக்கொரு காகிதச் சதுரம் கொடுத்து, ஒரு குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) வடிவத்தை வண்ணமடித்து வரச் சொன்னார்கள். இவளுக்கு வந்தது ‘பறக்கும் வாத்துகள்’. வரிசையாக முக்கோணங்கள், அவ்வளவுதான்.

தெற்கிலிருந்து தப்பி வடக்கே ஓடிய அடிமைகளுக்கு இந்த ஒட்டுத்துணிப் போர்வைகள் வழி சொல்லினவாம். வேலியில் ஸ்பானர் வடிவம் தொங்கினால் ‘கருவிகளைச் சேர்த்து வை’. வண்டிச்சக்கரம் என்றால் ‘மூட்டை கட்டு’. கரடிப்பாதம் என்றால் மலைப்பாதை. ‘குடிகாரன் பாதை’ என்றொரு வடிவம்: நேராகப் போகாதே, வளைந்து வளைந்து போ. எஜமான் கண்ணெதிரிலேயே காய்கிற துணி, ஆனால் அவனுக்கு ஒன்றும் புரியாது. கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இங்கே தைக்கிறவர்கள், மியூசியம் மியூசியமாகச் சுற்றுகிறவர்கள் நிறைய இருக்கிறீர்கள். கதையோ சேதியோ தைத்த போர்வையைப் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்களேன்.

பழையதாள், பாஸ்டன்

குழந்தை கையில் இருக்கும் படத்தைப் பிடுங்க மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன் அம்மா. இந்தச் சங்கேதக் கதை பரவலானது 1999-ல் வந்த ஒரு புத்தகத்தால். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் போர்வை விற்ற ஒரு மூதாட்டி சொன்ன குடும்பக் கதைதான் அதற்கு அடிப்படை. தப்பி வந்த நூற்றுக்கணக்கானவர்களை பிலடெல்பியாவில் நேரில் விசாரித்து எழுதிவைத்தவர் வில்லியம் ஸ்டில். 1872-ல் அச்சான அவருடைய குறிப்புகளில் போர்வைச் சங்கேதம் இல்லை. வரலாற்றாசிரியர்கள் பலர் இந்தக் கதையை ஏற்பதில்லை. எனக்கும் நம்பிக்கை இல்லை.

அதற்காக அந்த மக்கள் போர்வையில் ஒன்றும் சொல்லவில்லை என்று ஆகிவிடாது. ஹாரியட் பவர்ஸ் என்று ஒரு அம்மாள். 1837-ல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்ததில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டே போர்வைகள். ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், மற்றது எங்கள் ஊர் நுண்கலை அருங்காட்சியகத்தில். பாஸ்டனில் இருப்பதில் 15 கட்டங்கள். பைபிள் கதைகளுக்கு நடுவே, வானத்திலிருந்து நட்சத்திரங்கள் கொட்டுகின்றன. அது 1833 நவம்பரில் நிஜமாகவே பெய்த எரிகல் மழை. அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஊரார் வாய்வழி கேட்டதைத் துணியில் வெட்டி ஒட்டியிருக்கிறார். மனிதர்கள் கையை விரித்து நிற்கிறார்கள்.

நான் அதிக நேரம் நின்றது ஒரு பன்றியின் முன்னால். பெட்ஸ் என்பது அதன் பெயர். ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா வரை 500 மைல் ஓடிப்போன ‘சுதந்திரமான பன்றி’ என்று பவர்ஸ் சொன்ன விளக்கம் பதிவாகியிருக்கிறது. வரைபடத்தில் பாருங்கள், ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியா எந்தத் திசை என்று. ஒளித்துவைத்த சேதி வேண்டும் என்றால் நான் அந்தப் பன்றியிடம்தான் கேட்பேன்.

ஸ்மித்சோனியன் போர்வையின் கதை வேறு. 1886-ல் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஓர் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். தரமாட்டேன் என்றுவிட்டார் பவர்ஸ். சில ஆண்டுகள் கழித்துக் கையில் காசில்லாமல் பத்து டாலர் கேட்டு, ஐந்துக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் உட்கார்ந்து கதை சொன்னார், ஆசிரியை எழுதிக்கொண்டார். பிறகும் தன் போர்வையைப் பார்க்க அங்கே போய்ப் போய் வந்தாராம்.

வன்னிப்பிள்ளை, டொரொன்டோ

நான் முந்தி வேலை செய்த முதியோர் இல்லத்தில ஒரு சிலி நாட்டு அம்மா இருந்தவா. அவவின்ர சுவரில ஒரு துணிப்படம். போர்வை எண்டு சொல்லேலாது, சாக்குத்துணியில துண்டு துண்டாத் தைச்சது. ஸ்பானிஷில ‘அர்பியேரா’ எண்டுவினம். பின்னால அந்தீஸ் மலை, மேல சூரியன், கீழ சின்னச் சின்னப் பொம்பிளைப் பொம்மையள். தூரத்தில நிண்டு பாத்தா பிள்ளையளின்ர அறையில மாட்டுற சாமான் மாதிரித்தான். கிட்டப் போனால் அந்தப் பொம்பிளையள் ஒரு பதாகை பிடிச்சிருக்கினம்: ‘அவர்கள் எங்கே?’

1973 செப்டெம்பர் 11 சிலியின்ர ஆமித் தளபதி பினோசே ஆட்சியைப் பிடிச்சாப் பிறகு ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போகத் தொடங்கினவங்கள். திரும்பி வராத ஆக்களின்ர தாய்மாரும் மனுசிமாரும் தலைநகர் சந்தியாகோவில கிறிஸ்தவக் கோயில் ஆக்களின்ர உதவியோட ஒண்டாக இருந்து தைச்சவை. காணாமல் போனவையின்ர உடுப்பிலயிருந்தும் துண்டு வெட்டித் தைச்சவையாம். பொம்பிளையளின்ர தையல்தானே எண்டு முதல் ஆமிக்காரர் கவனிக்கேல்லை. கோயில் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பினது. சிலதின்ர பின்பக்கத்தில ஒரு குட்டிப் பொக்கற் இருக்கும். அதுக்குள்ள கடுதாசித் துண்டு, என்ன நடந்தது எண்டு எழுதி மடிச்சு வைச்சிருக்கும். ஒருநாள் அவா அந்தப் படத்தைக் கழட்டித் திருப்பி எனக்கும் காட்டினவா. எழுத்து மங்கிப் போச்சு.

எங்கட அம்மாமாரும் 2017 தொடக்கம் கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் காணாமல் போன பிள்ளையளின்ர படங்களோட ரோட்டோரத்தில இருக்கினம். அவவுக்குச் சொன்னன். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஸ்பானிஷில ஏதோ சொன்னா. எனக்கு விளங்கேல்லை, திரும்பக் கேக்கவும் இல்லை.

சிமெய்க்காரி, சிங்கப்பூர்

நான் வளர்ந்த வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கிலிருந்து சாங்கிக்கு ஒரே பஸ். ஆனால் சாங்கிப் போர்வையைப் பார்க்க ஆஸ்திரேலியாவின் கான்பரா வரை போக வேண்டியிருந்தது, என்ன செய்ய!

1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் மாதம் வெள்ளைக்காரப் பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கிச் சிறைக்கு நடத்தியே கொண்டுபோனார்கள். பிடிபட்ட ராணுவத்தார் சிறைக்கு வெளியே, சிலராங் முகாமில். புருஷன் உயிரோடு இருக்கிறானா என்று இவளுக்குத் தெரியாது, இவள் இருக்கிறாளா என்று அவனுக்குத் தெரியாது. கடிதத்துக்கு அனுமதியில்லை.

எத்தல் மல்வனி என்ற கனடாப் பெண்மணிக்கு ஒரு யோசனை. ஆஸ்பத்திரியில் கிடக்கும் காயம்பட்டவர்களுக்குப் போர்வை தைத்துத் தருகிறோம் என்று கேட்டால் யார் மறுப்பார்கள்? ஆளுக்கு ஆறு அங்குல வெள்ளைத் துணி. அதில் உன்னைப் பற்றி ஏதாவது தை, பெயரையும் போடு. பிரிட்டிஷ்காரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியர்களுக்கு ஒன்று. மூன்றாவது ஜப்பானியக் காயக்காரர்களுக்கு, அதுதான் சாமர்த்தியம். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள்.

எதிரே நின்று பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். பூ, கப்பல், சிறை அறை என்று என்னென்னவோ தைத்திருக்கிறார்கள். ஒருத்தி ஆஸ்திரேலியா வரைபடத்தையே தைத்திருக்கிறாள். சிலர் கை தேர்ந்தது, சிலர் அப்போதுதான் ஊசி பிடித்திருப்பார்கள் போல. பழையதாள் ஐயா, இங்கே சங்கேதம் எதுவும் அவிழ்க்க வேண்டியதில்லை. பெயர் இருக்கிறது என்றாலே ஆள் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவன் படித்துவிட்டால் பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்லிவிடுவான்.

ஜப்பானியருக்கான போர்வையில் சொந்தக் கதை குறைவு, பூக்கள்தான் அதிகம். பின்புறம் ஒரு குறிப்பு தைத்திருக்கிறார்கள்: காயம்பட்ட நிப்போன் வீரர்களுக்கு எங்கள் அனுதாபத்துடன், சாங்கி முகாம் பெண்கள், 2602. ஜப்பானியக் கணக்கில் 1942 அது. கடைசியில் இன்னொரு வரி, இதை டிரை கிளீன் செய்வது நல்லது என்று.

அதே முகாமில் சிறுமிகள் சிலரும் சாரணியர் குழுவாகச் சேர்ந்து, கிழிந்த உடுப்புகளை ஆறுகோணத் துண்டுகளாக வெட்டி, தங்கள் தலைவியின் பிறந்தநாளுக்கு ரகசியமாக ஒரு போர்வை தைத்தார்கள். பெயர்கள் அதிலும் உண்டு. அது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, நான் பார்த்ததில்லை.

வன்னிப்பிள்ளை, டொரொன்டோ

ட்ரை கிளீன் பண்ணச் சொன்னவையோ! சிறைக்குள்ள இருந்துகொண்டு! கெட்டிக்காரியள்.

ஊசிமுனை, ஒஹையோ

சிமெய்க்காரி, மூன்றும் கான்பராவிலா இருக்கின்றன?

சிமெய்க்காரி, சிங்கப்பூர்

இல்லை. ஆஸ்திரேலியர்களுடையதும் ஜப்பானியருக்கானதும்தான் அங்கே, போர் நினைவகத்தில். பிரிட்டிஷ் போர்வை லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்திடம். போவதாக இருந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பழைய துணிக்கு வெளிச்சம் ஆகாது, எப்போதும் வெளியே வைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.