புதுப்பிப்பு: இரட்டைக் குழிக் கழிப்பறைக்கு மாமியார் சம்மதித்துவிட்டார்

"குழி நிறைந்தால் யார் அள்ளுவது?" என்று மாமியார் மறுத்ததால், என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி. (இதில் குழி இரண்டு: ஒன்று நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவோம்; மூடிய குழியில் இருப்பது மெல்ல எருவாகும்.)

படம் போட்டு விளக்கியது எடுபடவில்லை. ஏற்கெனவே குழி திறந்த வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக மூடிக் கிடந்த குழியில் நாற்றமே இல்லாத உலர்ந்த எரு. மாமியார் கையில் எடுத்தே பார்த்தார். 2017இல் தெலங்கானாவின் கங்கதேவிப்பள்ளியில் மத்திய அரசுச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயரே குழிக்குள் இறங்கி எரு அள்ளியதைச் சொன்னதும் பக்கத்து வீட்டாரும் சரி என்றார்கள்.

எதிர்பாராதது ஒன்று: கழிப்பறைக் குழாய் இரண்டு குழிக்கும் பிரிகிற சந்திப்புத் தொட்டியில் கொத்தனார் இரண்டு வழியையும் திறந்தே விட்டிருந்தார். அப்படியென்றால் இரண்டு குழியும் சேர்ந்தே நிறையும், எரு ஆக அவகாசமே கிடைக்காது. ஒன்றை அடைக்கச் சொன்னோம். அப்புறம், குழியின் அடியில் சிமென்ட் பூச விடாதீர்கள். தண்ணீர் மண்ணில் இறங்க வேண்டும்.