பெத்தேகம: நாவலில் இருந்த காடு படத்தில் எங்கே போனது?

மல்லாவிப் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் மூன்றே பேர். லெனார்ட் வுல்ஃப் ஆங்கிலத்தில் எழுதி 1913இல் வந்த 'The Village in the Jungle' நாவலை (சிங்களத்தில் 'பெத்தேகம') போன மாதம் படித்து முடித்தோம். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980இல் எடுத்த சிங்களப் படத்தையும் சனிக்கிழமை வீட்டில் பார்த்தேன். இரண்டையும் ஒப்பிட்டு எழுதிக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் சேர்.

படம் பார்த்தபோது அழுதேன். ஆனால் புத்தகம் படித்த இரவுகளில் வந்த பயம் படத்தில் வரவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. என்னோடு இருந்து பார்த்த அப்பப்பாவுக்குச் சிங்களம் அரைகுறைதான். "இது எங்கட சனத்தின்ர கதை" என்று இரண்டு தரம் சொன்னார், அவ்வளவுதான். யாராவது இரண்டையும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வவுனியா வாசகன்:

தங்கச்சி, படத்தைக் குறைத்து எழுதிவிடாதீர்கள். கதையின் நாயகனான வேட்டைக்காரன் சிலிந்துவாக நடித்த ஜோ அபேவிக்ரம ஒரு காலத்தில் சிரிப்பு நடிகராகத்தான் பேர் எடுத்தவர். அந்த மனிதர் இந்தப் படத்தில் வாய் திறக்காமலே எவ்வளவு சொல்கிறார் பாருங்கள். அவன் மகள் புஞ்சி மெனிக்காவாக மாலினி பொன்சேகா, அவள் புருஷன் பாபுனாக விஜய குமாரதுங்க. வெள்ளைக்கார நீதவானாக வருபவர் ஆர்தர் சி. கிளார்க், 1956 தொடக்கம் இலங்கையிலேயே இருந்த அந்த விஞ்ஞானக் கதை எழுத்தாளர்தான். புத்தகத்தில் சிலிந்துவின் முகம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. படம் பார்த்த பிறகு எனக்கு ஜோவின் முகத்தைத் தவிர வேறு முகம் வருவதில்லை. அது சின்ன வேலை இல்லை.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

பிள்ளை, நான் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். இந்த நாவலை வகுப்பில் வைத்துப் பல தடவை வாசித்திருக்கிறேன். உம்முடைய கேள்வி சரியான இடத்தில் நிற்கிறது, அதைக் கைவிட வேண்டாம்.

முதல் பக்கங்களை இன்னொரு தரம் எடுத்துப் பாரும். வுல்ஃப் ஊரின் பெயரைச் சொல்கிறார், அதற்குக் காட்டுக்குள் இருக்கும் ஊர் என்று பொருள் சொல்கிறார், பிறகு காட்டைப் பற்றியே சொல்லிக்கொண்டு போகிறார். தண்ணீர் இல்லாத கோடை, மிருகங்களின் பசி, பயம். காட்டில் பயப்பட ஒன்றுமில்லை என்று பெருமை பேசிய வேட்டைக்காரன் ஒருவனைக் காடு எடுத்துக்கொண்ட கதை. இதெல்லாம் முடிந்த பிறகுதான் சிலிந்து வருகிறான். படத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது, முகம் வேண்டும். கமராவால் மரத்தைக் காட்டலாம். ஆனால் இரண்டு நிமிடம் காட்டினாலும் அது மரம்தான். புத்தகத்தில் காடு காத்துக்கொண்டு இருக்கிறது. ஆட்கள் பேசும்போதும், கலியாணம் முடிக்கும்போதும், கடன் வாங்கும்போதும் வேலிக்கு அப்பால் அது நிற்கிறது என்று வசனம் வசனமாக நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். உமக்கு இரவில் வந்த பயம் அங்கிருந்துதான் வந்தது.

இதை நான் முதலில் புத்தக அறிவாகத்தான் சொல்லிக் கொடுத்தேன். 2010 கடைசியில் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து திரும்பி வளவுக்குள் கால் வைத்தபோதுதான் எனக்கே விளங்கியது. படலை இருந்த இடம் தெரியவில்லை. நாயுண்ணிப் பற்றை யன்னல் உயரத்துக்கு நின்றது. கூரை இல்லாத குசினிக்குள், அடுப்படிக்கும் அம்மிக்கும் நடுவில், சீமெந்தைப் பிளந்துகொண்டு ஒரு வீரைக் கன்று என் தோள் அளவுக்கு வளர்ந்திருந்தது. இலை பளபளவென்று, யாரோ தண்ணீர் ஊற்றி வளர்த்தது போல. புத்தகப் பெட்டி வைத்திருந்த மூலையில் கறையான் புற்று. இரண்டு மாரிதான் போயிருந்தது. நாவலின் கடைசியில் ஊர்ச் சனம் ஒவ்வொருவராகப் போய், புஞ்சி மெனிக்கா தனித்துப் போய், காடு வளவுக்குள் வந்து, குடிசைச் சுவரைத் தொடும் இடத்தைப் பாரும். வுல்ஃப் ஒன்றையும் கூட்டி எழுதவில்லை என்று அந்தக் குசினியில் நின்று நினைத்தேன். அந்தக் கன்றை வெட்ட எனக்கு இரண்டு நாள் எடுத்தது. உம்முடைய அப்பப்பா சொன்னதும் இதுவாகத்தான் இருக்கும், கேட்டுப் பாரும்.

அடுத்தது கடன். ஆராச்சி என்றால் எங்கள் பக்கத்துப் பழைய விதானையார் மாதிரி. கதையில் வரும் ஆராச்சி பபேஹாமி யாருக்கும் அடிப்பதில்லை. சேனை வெட்ட, அதாவது காடு வெட்டிச் சுட்டுப் பயிர் செய்ய, அனுமதியைத் தள்ளிப் போடுவான், அவ்வளவுதான். கடன் வாங்கிக் குரக்கன் விதைத்தவன் வெட்டின கையோடு அதைக் கடனுக்கே கொட்டிவிட்டு வெறும் பெட்டியோடு வீட்டுக்குப் போகிறான். இந்தக் கணக்கைப் புத்தகத்தில் ஆறுதலாகச் சொல்லலாம். படத்தில் துவக்கு தெரியும், விலங்கு தெரியும். கடன் கண்ணுக்குத் தெரியாத சாமான்.

ஆனால் ஒரு இடத்தில் படம் புத்தகத்தை வென்றுவிட்டது. அதைக் கட்டாயம் எழுதும். ஆராச்சி வீட்டில் களவெடுத்ததாகச் சிலிந்துவையும் பாபுனையும் கூண்டில் ஏற்றும் நீதிமன்றக் காட்சி. நாவல் முழுவதும் ஆங்கிலம். சிலிந்துவும் ஆங்கிலம் பேசுகிறான், நீதவானும் ஆங்கிலம் பேசுகிறார். அங்கே நடப்பது ஒன்றும் சிலிந்துவுக்கும் பாபுனுக்கும் விளங்கவில்லை என்று ஆசிரியர் சொல்லித்தான் நாம் அறிகிறோம், வாசிக்கிற நமக்கு எல்லாம் விளங்குகிறதே! படத்தில் ஊர்ச் சனம் தங்கள் சொந்த மொழியிலேயே பேசி வந்து, கூண்டில் ஏறிய பிறகு வெள்ளைக்காரர் வாய் திறக்கும்போது, பார்க்கிறவனும் சிலிந்துவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறான். வேற்று மொழியில் எழுதிய கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு கந்தோர் வாசலில் நின்ற எவருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

வுல்ஃப் சும்மா கேள்விப்பட்டு எழுதியவர் அல்ல. பிரித்தானிய அரசாங்க உத்தியோகத்தராக 1904 கடைசியில் இலங்கைக்கு வந்தார், முதல் வேலை யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில். 1906இல் முத்துக்குளிப்புக்காக மறிச்சுக்கட்டிக்கு அனுப்பினார்கள். அது எங்கள் மன்னாரின் தென் கரை. அப்புறம் கண்டி, 1908 தொடக்கம் 1911 வரை அம்பாந்தோட்டை. அங்கே வழக்கு விசாரித்துத் தீர்ப்புச் சொல்வதும் அவர் வேலைதான். 1912இல் வேலையை விட்டார், அடுத்த வருடம் புத்தகம் வந்தது. கதை நடக்கும் காடு எங்களுடையதைப் போல உலர்வலயக் காடு.

மல்லாவிப் பிள்ளை:

ரீச்சர், மிக்க நன்றி. அந்தக் குசினி வீரைக் கன்றை வாசித்துவிட்டு அப்பப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் தகப்பனோடு காடு வெட்டி ஆவணியில் சுட்ட கதையைச் சொன்னார். உள்ளே போக முதல் ஒரு கிளையை முறித்து ஐயனாருக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்களாம். "பயம் இல்லையெண்டால் கும்பிடுவமே" என்றார்.

இன்னொரு சந்தேகம். அந்த நீதவான் நல்லவரா? பாபுன் களவெடுக்கவில்லை என்று அவருக்கே தோன்றுகிறது. பிறகும் மறியலுக்கு அனுப்புகிறார்.

முள்ளியவளை அண்ணை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நேரம் இருந்தால் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யையும் (1973) பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எங்கள் தண்ணிமுறிப்புதான் களம். அங்கே காடு விழுங்குகிற காடு அல்ல, கதாநாயகி பதஞ்சலி ஓடித் திரிகிற வீடு. ஒரே மாதிரிக் காட்டை வெளியிலிருந்து வந்த துரை எப்படிப் பார்த்தார், உள்ளே பிறந்தவர் எப்படிப் பார்த்தார் என்று தெரியும். நாவல் படமான கதைக்குத் தமிழில் உதாரணம் வேண்டுமென்றால் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' இருக்கிறது, 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் எடுத்தார். நிலக்கிளியை வன்னியிலேயே வைத்து ஒரு தரம் படமாகப் பார்க்க எனக்கு ஆசை.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

அண்ணை சொன்னது நல்ல யோசனை. ஆனால் பிள்ளை, கட்டுரைக்கு இரண்டைத் தாண்டிப் போக வேண்டாம்.

நீதவான் கெட்டவர் இல்லை. இந்த வழக்குக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று மணக்கிறது அவருக்கு. ஆனால் சாட்சி சொல்வதைத்தான் எழுத முடியும். சாட்சியோ ஆராச்சியின் ஆட்கள். சிலிந்துவை விட்டுவிட்டுப் பாபுனை அனுப்புகிறார். அவன் திரும்பி வரவே இல்லை. நல்ல மனிதர் ஒருவர் சட்டப்படி செய்த வேலையால் ஒரு வீடு அழிகிறது. வுல்ஃபுக்கு அது தன் சொந்தக் கதை மாதிரி இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. பாத்திரத்தை நல்லவர், கெட்டவர் என்று பிரித்து எழுதினால் அந்த வலி போய்விடும்.

சிலிந்துவின் மற்ற மகள் ஹின்னிஹாமியின் மான்குட்டியையும் மறக்காமல் எழுதும். பரியாரி புஞ்சிரால அவளை என்ன பாடுபடுத்தினான் என்று உமக்குத் தெரியும். தன் பிள்ளைக்கும் மான்குட்டிக்கும் சேர்த்துப் பால் கொடுத்தவள் அவள். பிள்ளையும் போய், ஊரார் கல்லெறிந்து அந்த மானையும் கொன்ற பிறகு, அவள் உயிரோடு இருக்கவில்லை. அந்தப் பக்கங்களை வகுப்பில் சத்தமாக வாசித்து முடித்தால் மணி அடித்தாலும் பிள்ளைகள் உடனே எழும்ப மாட்டார்கள்.

பழைய பிரதி கறையானோடு போய்விட்டது. பிறகு வாங்கிய பிரதியில் நீதிமன்ற அத்தியாயம் முழுக்கப் பென்சிலால் கீறி வைத்திருக்கிறேன். தேவையென்றால் உங்கள் சேரிடம் சொல்லி யாரையாவது அனுப்பும். மாரி தொடங்க முதல் வந்தால் நல்லது, பிறகு எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும்.